கல் காட்டிய பக்கம்

பச்சையப்பன் கல்லை நக்கிக்கொண்டிருந்தார். ஆம்பூருக்கு வெளியே, தோல் தொழிற்சாலைகளுக்குச் சுண்ணாம்பு சுட்டுத் தரும் காளவாயில், அரியலூர் லாரி வந்து கல் இறக்கியதும் முதல் சடங்கு இதுதான். நாக்கில் ஒட்டினால் நல்ல கல். ஒட்டாவிட்டால் டிரைவரோடு சண்டை.

அவர் விரல்கள் எப்போதும் வெள்ளை. டீ டம்ளர், பீடிக்கட்டு, பஸ் கம்பி என்று தொட்டதிலெல்லாம் ஐந்து விரலும் பதிந்திருக்கும். திருடுவதற்கு அறவே தகுதியற்றவர்.

ஒரு லோடில் தாம்பாளம் அளவுக்கு ஒரு பலகைக்கல் வந்தது. அதில் ஆணி ஆணியாகச் சுருள் சிப்பிகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. அதைச் சுட மனம் வராமல், வீட்டுக் கிணற்றடியில் கொண்டுவந்து போட்டார். வேடிக்கை பார்க்க வந்த கல்லூரி ஆசிரியர் ஒருவர், "அரியலூர்ல கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி கடல். நீரோட்டம் அடுக்கி வச்ச வரிசை இது. கூர்நுனி எந்தப் பக்கமோ, தண்ணி வந்தது அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்தார். பச்சையப்பனின் நிம்மதி அன்றோடு போயிற்று.

மாலையில் நுனிகளைக் கிழக்கே, கடல் இருக்கும் திசைக்குத் திருப்பி வைப்பார். காலையில் பார்த்தால் அவை மேற்கே, பக்கத்துத் தோல் கம்பெனிச் சுவரைக் காட்டும்.

"கடலு வருது சார். கெணத்துல உப்பு ஏறிக்கினே போவுது" என்பார், பார்ப்பவரிடமெல்லாம்.

"ஆமா, பஸ் ஏறி வருது" என்பார் மனைவி கெங்கம்மாள். "செவுத்துக்கு அந்தாண்ட உப்புத் தோலைக் கழுவி ஊத்துறானுங்க. உனுக்குக் கடலு!"

தெருப் பெண்களைத் திரட்டி, கம்பெனி செலவில் குடிநீர்க் குழாய் கேட்டு மனுக் கொடுத்தவர் அவர்தான். விசாரணைக்கு அதிகாரி வந்தார். மேனேஜர் ஜெயசீலன் அவரை நேராகச் சிப்பிக்கல்லிடம் அழைத்துப் போனார். அந்தக் கம்பெனியில் அறிவியல் ஆர்வம் பிறந்த நன்னாள் அது.

"இங்க கடல் இருந்திருக்கு சார். உப்பு அதோட மிச்சம். நாங்க இன்னா பண்றது?"

"கல்லு லாரில வந்துது சார்!" என்றார் கெங்கம்மாள்.

"லாரிக்கு முன்னாடி கடல்லதானம்மா இருந்துது?"

அதிகாரி யோசித்தார். கடல் என்று அவர் எழுதிவிட்டால் குழாய் வராது. ஜெயசீலன் கல்லில் இருந்த வெள்ளை விரல் தடங்களைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, தன் கையாலேயே நுனிகளைக் கிழக்கே திருப்பி, "வங்காள விரிகுடா" என்று அறிமுகம் செய்துவைத்தார்.

கெங்கம்மாள் இரு கையாலும் கயிற்றை இழுத்தார். வாளி மேலே வர வர ஊறின தோலின் நாற்றமும் கூடவே ஏறி வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். நிமிர்ந்தபோது சிப்பிகள் மேற்கே, கம்பெனிச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தன.

சுவருக்கு அப்பால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"யாருய்யா திருப்புனது?" என்று கேட்ட அதிகாரியின் பேனா பாதியில் நின்றது.

கல்லின் மேல் வெள்ளை விரல் எதுவும் பதிந்திருக்கவில்லை. பச்சையப்பன் ஓரடி பின்வாங்கி, சுண்ணாம்பு அப்பிய இரண்டு உள்ளங்கைகளையும் அதிகாரியின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.