வெங்காயத்தின் பெயரால் நான் மூட்டிய சண்டை

இதில் சொல்லப்போவது:
1. யொருபா மொழியில் வெங்காயத்தின் பெயர் அரபியிலிருந்து வந்தது.
2. எந்த வழியாக வந்தது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு.
3. என் கேள்வியால் இரண்டு நண்பர்கள் பிரிந்துவிட்டார்கள்.

வளைகுடாவில், கராமா பகுதியில் எங்கள் கட்டடத்துக் காவலர்கள் லுக்மானும் தாயோவும் யொருபா பேசும் நைஜீரியாக்காரர்கள். இன்று மாலை அவர்கள் டியூட்டி மாறும் நேரத்தில் வெங்காயப் பையோடு வந்தேன். பல நாள் தயக்கத்தை விட்டு லுக்மானிடம் கேட்டேன்: "உங்க 'அலுபோசா', அரபியில 'பஸல்'ங்கிறாங்களே, அதுதானே?"

"ஆமா பாபா!" என்றார்; பெரியவர்களை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். " மாலியிலேருந்து வந்த ஆலிம்கள், மார்க்கம் படிச்சவங்க, கொடுத்தது."

"சும்மா இருப்பா!" என்று தாயோ குறுக்கே வந்தார். "எங்க வடக்கேருந்து ஹௌசா வியாபாரிங்க கொண்டுவந்தது. அவங்க 'அல்பஸா'ங்கிறாங்க. அவங்க மூட்டை, அவங்க பேரு."

"மூட்டையை உன் தாத்தாவா இறக்கினாரு?"

"உன் தாத்தா ரசீது வச்சிருக்காரா?"

இருவர் குரலும் உயர்ந்தது. காவலர்களை அவர்கள் தங்கும் கேம்புக்கு ஏற்றிச்செல்லும் பஸ் ஹாரன் அடித்தது. தாயோ போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் ஏறிப் போய்விட்டார்.  லுக்மானிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நாலு வருஷமா இதே சண்டைதான் பாபா. இன்னிக்குத்தான் கேக்க ஒரு ஆள் கிடைச்சுது!"

அதற்குள் அவர் போனில் தாயோவின் குரல் செய்தி: "பாபாவை விடாதே. அவங்க ஊர்ல வெங்காயத்துக்கு என்ன பேரு, அது எங்கேருந்து வந்துச்சு, நாளைக்கு ஆதாரத்தோட சொல்லணும்!"

நண்பர்களே, நாளை மாலை ஐந்து மணிக்குள் யாராவது எனக்கு ஆதாரம் அனுப்புங்கள்.

மேலே உள்ள மூன்றாவது குறிப்பு, பஸ் கிளம்பிய பயத்தில் அங்கேயே போனில் எழுதியது. அது தவறு.