ஃபர்னஸ் எழுதியதை நான் வாசித்த விதம்

முகப்பேரில் எங்கள் தெருமுனையில் சாயங்காலமானால் பஜ்ஜி போடுவார்கள். நேற்று அந்த எண்ணெய் கருகும் வாசனை வந்ததும் எனக்குப் பசிக்கவில்லை, முகம் சுட்டது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், பழுக்கக் காய்ந்த இரும்பை எண்ணெய்த் தொட்டியில் இறக்கும்போது எங்கள் ஷெட் முழுக்க இதே வாசனைதான். என் முதல் வேலை அங்கே. எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவன் நான் என்பதை யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

இரும்பைக் காய்ச்சும் ஃபர்னஸின் சூட்டை ஒரு பெட்டி நிமிஷத்துக்கு ஒரு தடவை கோப்பில் எழுதும். அதைக் கம்ப்யூட்டரில் வாசித்து ரிப்போர்ட் போடும் ப்ரோக்ராம் என்னுடையது. ஒவ்வொரு எண்ணும் இரண்டு பைட், அதாவது இரண்டு துண்டு. பெட்டி பெரிய துண்டை முதலில் எழுதியது. என் ப்ரோக்ராமோ சின்னதுதான் முதலில் என்று வாசித்தது. எண்பத்தைந்தை ஐம்பத்தெட்டு என்று படிப்பது மாதிரி. நான் சோதித்ததெல்லாம் என் கம்ப்யூட்டரே எழுதிய கோப்பில். நானே கேள்வித்தாள் தயாரித்து நானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டேன். எண்ணூற்றைம்பது டிகிரி இருபதாயிரத்துச் சொச்சம் ஆனது. அபத்தமான எண்களைக் கழித்துவிட ஒரு வரி வேறு எழுதியிருந்தேன், பெரிய கெட்டிக்காரன். ஆகவே முதல் நாள் ரிப்போர்ட்டில் வந்தது: 'பதிவு இல்லை'.

அன்றைக்கு ஃபர்னஸ் ஓட்டியவர் சேகர் அண்ணன். சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார். "பெட்டிய ஆன் பண்ணாம என்னய்யா பண்ணினே?"

"ஸ்விட்ச்ச போட்டுகினுதான் சார் நின்னேன்."

சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். "ப்ரோக்ராம் கரெக்டுதானே?"

"கரெக்டு சார்." கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

சேகர் அண்ணன் கோபப்பட்டிருந்தால் தேவலை. "படிச்ச புள்ள சொல்லுது. அப்போ நான்தான் மறந்துகீறேன் போல" என்றார். என் அப்பாவும் இப்படித்தான், படித்தவர் முன்னால் தன் கண்ணையே நம்பமாட்டார்.

அவரை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். மறுநாள் வேறு ஆள் ஓட்டியும் அதே 'பதிவு இல்லை'. நல்லவேளை, அதை முதலில் பார்த்தது நான். அன்று நினைத்த அந்த 'நல்லவேளை'தான் இன்றும் உறுத்துகிறது. அப்போதுதான் கோப்பைத் திறந்தேன், துண்டுகள் தலைகீழாக இருப்பது தெரிந்தது. ஒரே வரியை மாற்றினேன். 'சிறு திருத்தம்' என்று குறிப்பு எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை.

கேன்டீனில் பார்த்தால் சேகர் அண்ணன், "இன்னா இன்ஜினியரே, வடை துன்னியா?" என்பார். வாய்வரை வந்ததை வடையோடு விழுங்குவேன். மூன்று மாதத்தில் அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். அயனம்பாக்கம் பக்கம் வீடு என்று ஞாபகம்.

இப்போது அந்த ஷெட் இல்லை, அடுக்குமாடி. எண்ணெய்த் தொட்டி இருந்த இடத்தில் பைக்குகள் நிற்கின்றன. கோப்புகளும் கம்ப்யூட்டரோடு பழைய இரும்புக்குப் போய்விட்டன. சேகர் அண்ணன் அன்று ஸ்விட்ச் போட்டிருந்தார் என்பதற்கு இனி மிச்சம் நான் ஒருவன்தான்.