நோட்டீஸ் போர்டில் நாற்பது பெயர்கள்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் ஒரு பள்ளியில் நான் ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மைசூருக்குச் சுற்றுலா அழைத்துப்போக ஏற்பாடு செய்திருந்தோம். விருப்பமுள்ளவர்கள் பணம் கட்டலாம். முடியாதவர்களுக்குக் கட்டணம் கிடையாது. அப்படிச் சலுகை பெற்ற ஐந்து பேரின் பெயர்களை, நல்ல செய்திதானே என்று நினைத்து, நானே நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன்.

மறுநாளிலிருந்து அந்த ஐவரில் ஒருத்தியான திவ்யா பள்ளிக்கு வரவில்லை. போன் செய்தேன். பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகும் அவளுடைய அம்மா எடுத்தார்.

"பசங்க கேலி பண்றாங்களாம் டீச்சர். டூரும் வாணாம், ஸ்கூலும் வாணாம்னு அழுவுறா."

போனை வைத்ததும் பட்டியலைக் கிழிக்க ஓடினேன். கடைவீதியில் துணிக்கடை நடத்தும் இன்னொரு மாணவியின் அம்மா, அப்போதுதான் மகளுக்குப் பணம் கட்டிவிட்டு வந்து அங்கே நின்றிருந்தார். அவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"இப்போ கிழிச்சா, படிச்சவங்க மறந்துடுவாங்களா இன்னா? பேனா குடுங்க" என்றவர், ஆறாவதாகத் தன் மகளின் பெயரை எழுதினார்.

"நீங்கதான் கட்டிட்டீங்களே?"

"அது ஆபீசுக்குத் தெரிஞ்சா போதும் டீச்சர். மத்த அம்மாங்களுக்கும் நான் சொல்றேன்."

மறுநாள் மாலைக்குள் வகுப்பின் நாற்பது பெயர்களும் அந்தத் தாளில் இருந்தன. இனி யார் யாரைக் கேலி செய்வது? போட்டோ எடுத்து திவ்யாவின் அம்மாவுக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை அவள் வந்தாள்; மைசூருக்கும் வந்தாள்.

கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய எனக்குத் தெரிந்திருந்தது. அதைப் பெறுகிறவர்கள் பக்கத்தில் தன் மகளையே கொண்டுபோய் நிறுத்த அந்த அம்மாவுக்குத்தான் தெரிந்தது. நினைத்தால் இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.