முந்தானை திறக்கும் நேரம்

பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போட்டுத் தரும் அந்தக் கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் உட்கார்ந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவளும் நான்தான். முதலாளி அதைக்கூட ஒரு குறையாகத்தான் சொல்வார்.

முந்தானை டிசைனைத் திறந்தால் திரையில் மணற்கடிகாரம் வந்து நின்றுவிடும். ஒரு பூவுக்கு நிறம் மாற்றச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

"இன்னாமா, தூங்கினுகிறியா?" என்றார் முதலாளி.

"சிஸ்டம் மெமரி போதாம திணறுது சார்."

"தறிக்காரன் பொண்ணு, கை மெதுவாத்தான் போவும். திங்கக்கிழமைக்குள்ள முந்தானை முடியலன்னா வேற ஆள வச்சிக்கிறேன்."

என் அப்பாவின் கை மெதுவாகப் போயிருந்தால் இவருக்குக் கடையே இருந்திருக்காது.

மெமரியில் இடம் தீர்ந்தால் கம்ப்யூட்டர் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் எழுதிவைத்துத் திரும்ப எடுக்கும். டிஸ்கில் அது எழுதும் பகுதியான 'சி' டிரைவை முதலாளியின் மைத்துனர் சினிமாப் பாட்டுகளால் நிரப்பியிருந்தார். பாட்டு அவருக்கு, வசவு எனக்கு.

மறுநாள் எங்கள் ஊர் செவிலிமேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தேன். கம்ப்யூட்டர் எழுதிவைக்கும் இடத்தைக் காலியாக இருந்த 'டி' டிரைவுக்கு மாற்றினேன். கூடவே தானாகக் கிளம்பும் மூன்று புரோகிராம்களையும் நிறுத்தினேன். முந்தானை சட்டென்று திறந்தது.

பத்து மணிக்கு முதலாளி சொல்லிவைத்திருந்த சர்வீஸ்காரர் வந்தார். பிரஷ்ஷால் ஃபேன் தூசியைத் தட்டிவிட்டு மூடினார். முதலாளி வந்து பார்த்தார்.

"பாத்தியா? ஆம்பள கை பட்டதும் எப்பிடி ஓடுது!"

சர்வீஸ்காரர் மறுக்கவில்லை. "எல்லாம் தூசிதாங்க" என்றார்.

எனக்குத் தலைக்கு ஏறியது. செய்த வேலையை சேவ் செய்தேன். அவர்கள் பார்க்கப் பார்க்க எல்லாவற்றையும் பழையபடி மாற்றி, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். முந்தானையைத் திறந்தேன். மணற்கடிகாரம் வந்தது. போகவில்லை.

"இன்னாமா பண்ண?"

"காலைல நான் செஞ்சத எடுத்துட்டேன் சார். இவரையே இன்னொருவாட்டி தூசி தட்டச் சொல்லுங்க."

சர்வீஸ்காரர் பிரஷ்ஷைப் பையில் போட்டார். முதலாளி என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, காலைல செஞ்ச மாதிரியே போடுமா."

"போடறேன். முதல்ல உங்க மச்சான வரச் சொல்லுங்க."

திங்கட்கிழமை முந்தானை டிசைன், தறியில் மாட்டும் அட்டைகளில் துளை குத்தப் போனது. அதற்கு முன்பு, என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மைத்துனர் தன் பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தானே அழித்தார்.