முக்கால் மணியும் இரண்டாவது புகைபோக்கியும்

நெஞ்சு நோய்ப் பேராசிரியருக்கு மருத்துவக் கல்லூரி வைத்த பெயர் 'முக்கால் மணி'. நல்ல மனிதர், கைராசிக்காரர். ஆனால் வாயைத் திறந்தால் முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் மூடத் தெரியாது. மணி என்ன என்று கேட்ட ஒரு மாணவர் கடிகாரத்தின் சரித்திரத்தையே கேட்டுவிட்டுப் போனார் என்பார்கள். கட்டுக்கதைதான், ஆனால் நம்பாதவர் யாரும் இல்லை.

நோயாளியின் கட்டிலருகில் மட்டும் அவர் வேறு ஆள். ஸ்டெதஸ்கோப்பைத் தன் காதிலிருந்து கழற்றிப் பக்கத்தில் நிற்கும் மாணவரின் காதில் மாட்டுவார். என்ன கேக்குது, எங்க கேக்குது, ஏன் கேக்குது என்று மூன்றே கேள்விகள். மூன்றாவதில் முதல் மார்க் வாங்குகிறவருக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். முப்பது வருடமாக இதுதான் அவருடைய பாடம்.

அவரிடம் பதினொரு வருடமாக வந்துகொண்டிருந்தவர் சிமெண்டு ஆலைக்குப் பின்தெருவில் குடியிருந்த தையல்கார அம்மா. மருந்து சாப்பிடுவார், தேறுவார், வீட்டுக்குப் போவார், மறுபடி இருமிக்கொண்டு வருவார். ஒருநாள் மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே சொன்னார்: "டாக்டர், மருந்து எனக்குத் தர்றீங்க. இருமல் அந்தப் புகைபோக்கியில இருந்துல்ல வருது. அதுக்கு எதுவும் தர மாட்டீங்களா?"

முப்பது வருடமாக 'ஏன்' என்று ஊரையெல்லாம் கேட்டவருக்கு அது சுருக்கென்று தைத்தது. விடுமுறை நாட்களில் அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் தொண்ணூறு வீடுகளில் யாராவது இருமினார்கள். அறிக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். கிணற்றில் போட்ட கல். பத்திரிகைக்கு எழுதினார். அது அச்சில் வந்த அன்றே கல்லூரி முதல்வர் அவரைக் கூப்பிட்டு, அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் ஆலையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றார். யாரிடம் எதைச் சொல்வது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? பேராசிரியர் பதினாறு பக்கத்தில் ராஜினாமா எழுதினார். முதல்வர் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஓய்வு பெற மூன்று வருடம் பாக்கி இருந்தது. வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று தெருமுனையிலேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். அவர் மனைவி முழுவதையும் கேட்டார், அதாவது முக்கால் மணி நேரமும். "இவ்வளவு நாள் சம்பளத்துக்குப் பேசினீங்க. இனிமே சும்மா பேசப் போறீங்க. அவ்வளவுதானே?" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

போராட்டக்காரராக அவர் தேறவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தெருமுனையில் ஸ்டூல் போட்டு ஏறி மூச்சுக்குழாயிலிருந்து ஆரம்பிப்பார். ஒருமுறை அவர் நுரையீரலைத் தொடுவதற்குள் கூட்டம் கலைந்து, காய்கறி வண்டிக்காரர் ஒருவர்தான் மிச்சம். அவரும் ஸ்டூல் வண்டிக்குக் குறுக்கே இருந்ததால் நின்றவர். கோஷம் அதைவிட மோசம். 'புகை கொல்லுது' என்று தெருவாசிகள் கத்தினால் முதலில் ஆட்சேபிப்பவர் ஆலைக்காரர் இல்லை, இவர்தான். ஆதாரம் அந்த அளவுக்கு இன்னும் போகவில்லையாம். தானே ஒரு கோஷம் எழுதிக் கொடுத்தார்: 'புகைக்கும் இருமலுக்கும் தொடர்பு இருப்பதற்கான வாய்ப்பு கணிசமானது!' தையல்கார அம்மா அதைப் படித்துப் பார்த்து, "இதக் கத்தி முடிக்கறதுக்குள்ள எனக்கு மூச்சு போயிடும் டாக்டர்" என்றார்.

சிரிப்பெல்லாம் ஆலை இரண்டாவது புகைபோக்கிக்கு அனுமதி கேட்கும் வரைதான். தையல்கார அம்மாவின் நெஞ்சில் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது. இன்னொரு புகைபோக்கி வந்தால் இரண்டு வருடம் தாங்க மாட்டார். வேறு இடம் போகலாம் என்றால், வீடும் அதுதான் கடையும் அதுதான். இது பேராசிரியருக்குத் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும். அனுமதிக்கு முன் ஒரே ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம்.

மூன்று நிமிடம் என்றதும் பேராசிரியர் நேரே மனைவியிடம் போனார். மனைவி சமையலறைக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார். தலைகீழாக நின்றும் இருபத்திரண்டு நிமிடத்துக்குக் கீழே இறங்கவில்லை. "ஊதுற சங்கை ஊதுங்க, விடியறப்ப விடியட்டும்" என்று கடைசியில் கடிகாரத்தைச் சுவரில் மாட்டிவிட்டார்.

கூட்டம் ஆலைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மண்டபத்தில் நடந்தது. சன்னலெல்லாம் சாத்தியிருந்ததால் உள்ளே புழுங்கியது. மேடையில் விசாரணை அதிகாரி, பக்கத்தில் சொல்வதை எல்லாம் அப்படியே அடித்துப் பதிவு செய்யும் தட்டச்சுக்காரர், கீழே முதல் வரிசையில் ஆலையின் வக்கீல். பேராசிரியர் ஏறினார். மூன்றாம் நிமிடம் மணி அடித்தபோது மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருந்தார். அப்படியே இறக்கிவிட்டார்கள். அந்த அம்மாவை நானே கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த பெயர் தையல்கார அம்மாதான். மேடைக்கு நாலே படி. நாலாவது படியில் மூச்சு இளைத்து, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தால் காற்று வந்தது, வார்த்தை வரவில்லை. ஒரு நிமிடம் போயிற்று.

பழக்கதோஷம் யாரை விட்டது? மூச்சு முட்டும் நோயாளி கண்ணில் பட்டதும் பேராசிரியருக்குக் கூட்டம், அதிகாரி, வக்கீல் எல்லாம் மறந்துபோயிற்று. நாலு படியையும் இரண்டே எட்டில் தாண்டினார். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, பையில் எப்போதும் கிடக்கும் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து முதுகில் வைத்தார். கேட்டார். பிறகு வழக்கம்போல் அதைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவர் காதில் மாட்டினார். என்ன ஆயிற்றோ என்று எழுந்து வந்து பக்கத்தில் நின்றவர் அதிகாரி.

"என்ன கேக்குது?"

அதிகாரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "விசில் மாதிரி... சார்" என்றார். வக்கீல் எழுந்து, இது விதிமுறைக்குப் புறம்பு என்று ஆரம்பித்தார். "பின்னால யாரு பேசறது? உக்காருங்க" என்றார் பேராசிரியர், திரும்பிக்கூடப் பார்க்காமல். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். ஏன் உட்கார்ந்தோம் என்று அவருக்கே புரியவில்லை.

"எங்க கேக்குது?"

"ரெண்டு பக்கமும் சார்."

"ஏன் கேக்குது?"

அதிகாரி விழித்தார். காதில் குழாயோடு அண்ணாந்து பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் சன்னலைப் பார்த்தார். "காலைல நான்தான் சன்னலையெல்லாம் சாத்தச் சொன்னேன்" என்றார் மெதுவாக.

"எதுக்கு?"

"புகை வருதுன்னு."

தட்டச்சுக்காரர் அதையும் அடித்தார். வக்கீல் அதை நீக்கச் சொல்லிக் குதித்தார். சொன்னது சொன்னபடிதான் பதிவாகும் என்பது காலையில் அதே வக்கீல் வற்புறுத்தி வாங்கிய விதி. அப்போதுதான் பேராசிரியருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது உறைத்தது. ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுப் படியிறங்கினார்.

ஆறு வாரம் கழித்து உத்தரவு வந்தது. இரண்டாவது புகைபோக்கி கிடையாது. பேராசிரியர் அதை எடுத்துக்கொண்டு தையல்கார அம்மாவின் வீட்டுக்கு ஓடினார். அவர் மிஷினை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டார். பழையது என்ன ஆகும் என்றார். அது அப்படியேதான் இருக்கும் என்றார் இவர்.

"போன மூச்சு எனக்குத் திரும்பி வருமா டாக்டர்?"

"வராதும்மா."

அம்மா தலையாட்டினார். மிதிகட்டையில் காலை வைத்து, துணியைத் தள்ளிக்கொண்டே சொன்னார்:

"அப்ப என்னால கத்த முடியாது. உங்களுக்குத்தான் மூச்சு நிறைய இருக்கே. பழையதுக்கு நீங்க பேசுங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் பேசுங்க."