மே மாதக் கணப்புத் தட்டி

எங்கள் ஊர் இங்கிலாந்தில், யார்க்ஷயர் மலைச்சரிவில் இருக்கிறது. வெயில் எங்களைப் பார்க்க வருவது வேண்டா வெறுப்பாகத்தான். ஆனாலும் மே முதல் தேதி வந்துவிட்டால் எங்களுக்குக் கோடை வந்துவிட்டது. அன்றைக்கு, குளிர்காயச் சுவரில் மூட்டும் கணப்பை அணைத்துச் சாம்பலை அள்ளிக் கொட்டிவிட வேண்டும். அக்டோபர் வரைக்கும் வரவேற்பறையில் நெருப்பு கூடாது. வெளியே ஆலங்கட்டி விழுந்தாலும் கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு "காத்து சுத்தமா இருக்கு" என்று சொல்ல வேண்டும். மே மாதத்தில் எந்தப் புகைபோக்கியாவது புகைந்தால் தெருவே அண்ணாந்து பார்க்கும். நானும் பார்ப்பேன்.

பக்கத்து வீட்டு ஹில்டா அக்ராய்ட் இந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை. அவள் புருஷன் நார்மன் ஊருக்கெல்லாம் நிலக்கரி மூட்டை சுமந்து போடுகிறவன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, குளிர்ந்த கணப்பின் முன்னால் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பான்.

போன வருஷம் மாதர் சங்கத் தலைவி மிஸஸ் பிக்கர்ஸ்கில் எங்களையும் கூட்டிக்கொண்டு ஹில்டா வீட்டுக்கு டீ குடிக்க வந்தாள். ஹில்டா செய்த கேக்கை மென்றுகொண்டே காலிக் கணப்பைப் பார்த்தாள். "இது ஏம்மா இப்படி வாயப் பொளந்துகிட்டு நிக்குது?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். ஹில்டாவும் சிரித்தாள், காது மட்டும் சிவந்துவிட்டது.

இந்த வருஷம் சங்கத்தின் செயலாளர் பதவி காலியானது. ஹில்டா பதினோரு வருஷமாகச் சங்கத்தில் கோப்பை கழுவுகிறாள். எதற்கும் அவள் பெயரை யாரும் சொன்னதில்லை. "ஒரே ஒரு தடவ, ஐவி. என் பேர ஒரு தாள்ல எழுதிச் சங்கத்துச் சுவத்துல ஒட்டணும். அவ்வளவுதான்" என்று என்னிடம் சொன்னாள். மே மாத டீயை அவள் வீட்டிலேயே வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதைப் பார்த்துவிட்டுத்தான் தலைவி முடிவு சொல்வாள் என்று பேச்சு.

ஜனவரியிலேயே கணப்பை மறைக்கத் தட்டி செய்ய ஆரம்பித்துவிட்டாள். நார்மன் பழைய அலமாரிக் கதவை மூன்றாக அறுத்துக் கீல் போட்டுக் கொடுத்தான். தெருவில் இருக்கிற விதைக்கடைப் புத்தகங்களையெல்லாம் வாங்கி, நகம் வெட்டும் கத்தரிக்கோலால் பூப்படங்களை ஒவ்வொன்றாக வெட்டி, மைதாப் பசையில் ஒட்டினாள். நடுப்பலகைக்கு ரோஜா போதவில்லை. காய்கறிப் பக்கத்திலிருந்து ஒரு சிவப்பு முட்டைக்கோஸை வெட்டி ஒட்டிவிட்டாள்.

"தள்ளி நின்னு பாரு, பூ மாதிரியே இருக்கும்" என்றாள்.

"தெருவுக்குப் போய் நின்னு பாக்கட்டுமா?" என்றேன்.

அதற்கு மேல் ஒன்பது பூச்சு வார்னிஷ். ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், மறுபடியும் பூச வேண்டும். வீடு முழுக்க நெடி. "கண்ணு, கரித்தூளே தேவலாம்" என்று நார்மன் இருமினான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், தட்டி அழகாகத்தான் வந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

டீக்குக் குறித்த நாளில் பனியும் மழையும் கலந்து கொட்டியது. ஏழு பேர் போனோம். கோட்டைக் கழற்றச் சொன்னால், "இருக்கட்டும், சீக்கிரம் கிளம்பணும்" என்று ஏழு பேரும் சொன்னோம். ஒருத்தியும் கிளம்பவில்லை. தட்டியைச் சுற்றி அரைவட்டமாக உட்கார்ந்து, சூட்டுக்காக டீக்கோப்பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு பூக்களைப் பாராட்டினோம்.

மிஸஸ் பிக்கர்ஸ்கில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். "எல்லாத்தையும் விட இந்தச் செவப்புப் பூதான் அற்புதம்" என்றாள். முட்டைக்கோஸ்! ஹில்டா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. பதவி கைக்கு வந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போது நார்மன் வேலை முடிந்து உள்ளே வந்தான். "என்ன, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றான்.

"ரொம்ப இதமா இருக்கு, நார்மன்" என்றாள் மிஸஸ் பிக்கர்ஸ்கில். எழுபத்தெட்டு வயது. உதடு நீலம் பூத்திருந்தது. கை நடுங்கி டீ தட்டில் சிந்திக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் மரியாதையாகப் பூவைப் பார்த்தோம்.

ஹில்டா எழுந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "வேணாம் ஹில்டா. இது மே மாசம்."

"தெரியும். அந்தம்மா கையப் பாத்தியா?"

தட்டியை மடித்து வீட்டு நடையில் கொண்டுபோய்ச் சாத்தினாள். நார்மன் ஒரு வாளி கரி கொண்டுவந்தான். பத்தே நிமிஷம்தான். நாற்காலிகள் நகர்ந்தன, கோட்டுகள் இறங்கின, பாவாடைகள் முழங்கால் வரை ஏறின. மிஸஸ் பிக்கர்ஸ்கில் தான் கால்வாயில் விழுந்த கதையைச் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஹில்டா செய்துவைத்திருந்த இரண்டு கேக்கையும் காலி செய்துவிட்டு ஆறரை மணிக்குத்தான் எழுந்தோம். எங்கள் சங்கம் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை சங்கக் கூட்டம். ஹில்டா வழக்கம்போலப் பின்னறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஹில்டா தங்கமான பொண்ணு" என்று ஆரம்பித்தாள் மிஸஸ் பிக்கர்ஸ்கில். "கைவேலையும் பிரமாதம். ஆனா மே மாசத்துல கணப்பு மூட்டுறவகிட்ட ஒரு சங்கத்த எப்படி ஒப்படைக்கிறது? நாளைக்கு இன்னும் என்னென்ன பண்ணுவாளோ!"

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பின்னறையில் குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"அவ வேண்டாம்ங்கறவங்க கை தூக்குங்க."

ஆறு கைகள் எழுந்தன. அதில் ஒன்று என்னுடையது. ஏன் தூக்கினேன் என்று கேட்டால், மற்றவர்கள் தூக்கினார்கள் என்பதைத் தவிர எனக்குப் பதில் கிடையாது. வெட்கங்கெட்ட ஜன்மம் நான்.

கொஞ்ச நேரத்தில் குழாய் மறுபடியும் ஓடியது. பிறகு ஹில்டா தட்டில் டீ கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். என்னிடம் வந்தபோது, "உனக்கு ஒரு கரண்டி சக்கரை கூடப் போட்டிருக்கேன், ஐவி. வெளிய குளுரா இருக்கு" என்றாள்.

வாங்கிக் குடித்தேன்.