ஹாரன் காதில் விழுந்த இரண்டு டிக்

என் மச்சினனை ஊரே ஹாரன் என்றுதான் கூப்பிடும். மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். குழாய் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்று நின்று நாற்பதுக்குள் காது போய்விட்டது. இப்போது காதில் மெஷின். அதில் ஒரு பொடி சுவிட்ச் உண்டு. தள்ளிவிட்டால் பேச்சு கேட்காது. பக்கத்தில் வளையமாகக் கிடக்கும் வயரில் கரண்ட் மாறினால் மட்டும் கேட்கும்.

“ஒரே சீரா ஓடுச்சுன்னா சத்தமே வராது மாமா. கூடணும், குறையணும். அப்பதான் இந்த வளையத்துலேருந்து என் காதுக்குள்ள இருக்கிற குட்டி வளையத்துக்குத் தாவும்” என்று, தட்டில் சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் விளக்குவான்.

அவன் கடைக்கு மேல்மாடியில் ஒரு தையல்காரி குடியிருந்தாள். இவனுக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. கேட்டும் விட்டான். பதிலை முகம் பார்த்து வாங்கத்தான் தைரியமில்லை. வாயால் சொல்லச் சொன்னாலோ, இவன் காதுக்கு அவள் கத்த வேண்டும், தெருவுக்கே கேட்கும். அதனால் அவள் அறைத் தரையில் வயரை வளையம் வளையமாகச் சுற்றிப் போட்டு, பழைய ஸ்கூட்டர் பேட்டரி ஒன்றையும் வைத்தான்.

“சம்மதம்னா நுனிய ஒரு தடவ பேட்டரியில தொடு. கீழ எனக்கு ‘டிக்’னு கேக்கும். இல்லைன்னா ரெண்டு தடவ.”

மறுநாள் காலை அவன் மெஷின் சுவிட்சைத் தள்ளிவிட்டுக் காத்திருக்க, நானும் கூடவே கடையில் நின்றேன். திடீரென்று அவன் முகம் மலர்ந்தது, உடனே சுண்டிப்போனது. இரண்டு விரலைக் காட்டினான். மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்பீக்கர்களை மூட்டை கட்ட ஆரம்பித்தான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மாடியேறினேன்.

“ஏம்மா, பிடிக்கலைன்னா போகட்டும். அவன் கடையையே காலி பண்றான்.”

“யாருண்ணே பிடிக்கலைன்னது? ஒரே தடவதான் தொட்டேன், எடுத்தேன்!” என்றவள் வயரை உற்றுப் பார்த்தாள். “தொட்டதுக்கு ஒண்ணு, எடுத்ததுக்கு ஒண்ணுன்னு கேட்டிருக்குமோ?”

சிரித்துச் சிரித்து எனக்கு விலா பிடித்துக்கொண்டது. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மடையன், ஆசையில் அதையே கோட்டை விட்டிருக்கிறான்! கீழே ஓடி மெஷினை அவன் காதில் திணித்துவிட்டு, மூச்சிரைக்க மேலே வந்தேன். அவள் வயரைத் தொட்டாள்.

“எடுக்காதே!”

“சூடு ஏறுதுண்ணே!”

“ஏறட்டும்! விட்டா கல்யாணம் போச்சு!”

தைத்துக்கொண்டிருந்த துணியை வயர் நுனியில் சுற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது டிக் வரவே இல்லை. படிக்கட்டு அதிர ஓடிவந்தான் ஹாரன். அவனைப் பார்த்ததும் அவள் கை தானாக விட்டுவிட்டது.

“ஐயோ மாமா! இப்ப வேணாங்கிறா!”

அவள் எட்டி அவன் காது மெஷினின் சுவிட்சைப் பேச்சுப் பக்கமாகத் தட்டிவிட்டாள்.

“வேணும்யா! வேணும்!”

எதிர்த்த ரொட்டிக்கடையிலிருந்து குரல் வந்தது: “கேட்டுச்சும்மா! நல்லா இருங்க!”